கேட்டா சொல்வேன்

என் போனில் அந்த அக்காவின் எண் 'மரம் அக்கா' என்றுதான் இருக்கிறது. முதல் இரண்டு முறை பார்த்தபோது பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. மூன்றாவது முறை கேட்டால், இத்தனை நாள் பெயர்கூடத் தெரியாமலா பேசிக்கொண்டிருந்தாய் என்று நினைப்பாரோ என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் கேட்க முடியாத அளவுக்குப் பழகிவிட்டோம். இப்போது அவர் மகன் வந்து அவரை ஓசூருக்குக் கூட்டிப் போய்விட்டார். வேங்கிக்காலில் அவர் தச்சுக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் நாக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். மரத்தை நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உளியைத் தொடுவார். இழைப்புளியால் ஓரமாக ஒரு சீவு சீவி, அந்தச் சுருளை வாயில் போட்டு, இரண்டு மெல்லு மென்று துப்புவார். பிறகு "பலா", "பூவரசு", "எவனோ உங்கள நல்லா ஏமாத்தியிருக்கான்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்வார். அதே நாக்கால்தான் மற்ற எல்லாவற்றையும் பேசினார் என்பதில்தான் சிக்கல்.

வேலை எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். வீட்டுக்காரர் மஸ்கட் போனாராம், மெஷினெல்லாம் இங்கேயே இருந்ததாம். "மெஷினுக்கு என்னா தெரியும், யாரு பட்டனை அழுத்தறாங்கன்னு" என்றார். வீட்டுக்காரர் திரும்பி வந்தாரா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதுதான் பயம்.

ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதிக்கு அவர் தியானம் செய்ய உட்காரும் குட்டை ஸ்டூல்கள் செய்து கொடுத்திருக்கிறார். விடுதிக்காரர், அவை மலையடிவாரத்தில் தானாக விழுந்த நூறு வருஷத்து மரத்தில் செய்தவை என்று விருந்தாளிகளிடம் சொல்லிவைத்திருந்தார். ஒரு நாள் ஒரு வெள்ளைக்கார அம்மா ஒரு ஸ்டூலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். நான் அங்கே இருந்தேன். கூட வந்த ஆட்டோக்காரர்தான் மொழிபெயர்த்தார்.

"இதுல உக்காந்தா இவங்களுக்கு முதுகுத்தண்டுல ஏதோ ஏறுதாம். எந்த மரம்னு கேக்கறாங்க."

"மெட்ராஸ் ஹார்பர்ல மெஷின் வந்து இறங்கின பெட்டி. அத்த உடைச்சுச் செஞ்சது. முதுகுல ஏறுதுன்னா ஆணி ஏதாவது நீட்டிக்கிட்டிருக்கான்னு பாக்கச் சொல்லு."

ஆட்டோக்காரர் எதை எப்படி மொழிபெயர்த்தாரோ, அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். விடுதிக்காரர்தான் அதற்கப்புறம் வரவில்லை.

"நீங்க ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே அக்கா" என்றேன்.

"நானாப் போய் யாருகிட்டயும் சொல்லல டீச்சர். கேட்டா சொல்வேன். கேக்காத வரைக்கும் நான் பாட்டுக்கு இருக்கேன்."

நான் டீச்சர் இல்லை. பி.எட். முடித்துவிட்டு, குழந்தை கொஞ்சம் வளரட்டும் என்று வீட்டில் இருப்பவள். இதைச் சொன்னபோது, "படிச்சுட்டா டீச்சர்தான். சோறாக்காதவளுக்கும் சமையல் தெரியும்ல" என்றார்.

அவரிடம் நான் போனது எங்கள் மாமாவால், அதாவது என் கணவரின் அப்பாவால். ரெவின்யூ ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேத்தியின் காதுகுத்துக்குப் பரம்பரைக்கும் நிற்கிற மாதிரி ஒரு மணை செய்ய வேண்டும், இனி நம் வீட்டில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் அந்த மணையில்தான் காது குத்த வேண்டும் என்று அவருக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. மரத்துக்கு அலைய வேண்டியதில்லை. மொட்டை மாடியில், தார்ப்பாயில் சுற்றி, கீழ்பென்னாத்தூர் பூர்வீக வீட்டின் தெருவாசல் நிலை இருந்தது.

அந்த நிலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமாவின் தாத்தா ரங்கூனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கப்பலில் கொண்டுவந்த பர்மா தேக்கு அது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே எனக்கு இந்தக் கதை சொல்லப்பட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது மாமா, கிணற்றில் தனக்கிருந்த பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு இந்த நிலையைப் பெயர்த்து வாங்கிவந்தார். "வாசலைப் பேத்துட்டுப் போயிட்டாரு, வீடு பொக்கை வாய் மாதிரி நிக்குது" என்று தம்பி ஊரெல்லாம் சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. தம்பி கிணற்றில் மோட்டார் போட்டு மூன்று போகம் எடுக்கிறார் என்று யாராவது சொன்னால், மாமா மாடியைப் பார்த்து, "தண்ணி வத்தும். தேக்கு வத்துமா?" என்பார்.

நான்கு கட்டைகளில் எதை எடுப்பது என்பதிலேயே அக்கா ஆரம்பித்துவிட்டார். நான் தூக்கிப் போயிருந்தது கீழ்க்கட்டை, வாசப்படி.

"ஏன் டீச்சர், உங்க வீட்டுல பிள்ளைங்க வாசப்படியில உக்காந்தா உங்க மாமியார் என்னா சொல்வாங்க?"

"உக்காராதன்னு திட்டுவாங்க."

"இப்ப அத்த அறுத்து, மணை போட்டு, மேளம் வச்சு உக்கார வைக்கப் போறாங்களா?"

ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய் மேல்கட்டையை எடுத்துவந்தேன். அதைப் பார்த்து, "இது பரவால்ல. எல்லாரு தலையிலயும் இடிச்ச கட்டை. திருப்பி மேல உக்காந்தா கணக்கு சரியாப் போவும்" என்றார்.

அடுத்தது பெயர். மணையின் நடுவில் தன் அப்பாவில் தொடங்கி நாலு தலைமுறைப் பெயர்களைச் செதுக்க வேண்டும் என்று மாமா தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அருணாசலம், தாத்தா அண்ணாமலை, அவர் அப்பா அருணாசலம், அவருக்கும் அப்பா அண்ணாமலை. எங்கள் ஊரில் இதிலொன்றும் அதிசயமில்லை. அக்கா தாளை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டே பேருதான் மாத்தி மாத்தி வருது. ஒரு தடவை செதுக்கிட்டு, கீழ 'மறுபடியும்'னு போட்டுடலாமா?"

"நாலும் வேணும்னு சொன்னாரு அக்கா."

"சரி. யாரு உக்காரப் போறது?"

"குழந்தைதான்."

"குழந்தை தாய்மாமன் மடியில இல்ல உக்காரும்? மணையில உக்காரப் போறது உங்க தம்பி. எத்தனை கிலோ?"

என் தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே வேலை பார்ப்பவன். "தொண்ணூறு இருக்கும்" என்றேன்.

"அண்ணாமலையார் பேரை நாலு வாட்டி எழுதி, அது மேல உங்க தம்பியத் தொண்ணூறு கிலோவுக்கு உக்கார வைக்கப் போறீங்க. எனக்கொண்ணுமில்ல. நான் செதுக்கிடுவேன். மலை என்னா நெனைக்கும்னுதான் தெரியல."

மலை கொட்டகை வாசலிலிருந்து முழுசாகத் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினேன். அடிப்பக்கம் செதுக்கினால் என்ன என்று கேட்டேன். சாமி பெயர் மண்ணில் கிடக்குமே என்றார். பக்கவாட்டில்? கால் படும். அன்று மதியம் மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்து, கடைசியில் நான்காவது விதமாக உளறினேன். சாமி பெயர் என்பதைவிட, என் தம்பி உட்காருவான் என்ற இடத்தில்தான் மாமா தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

பெயர் இல்லாவிட்டால் பரம்பரை எங்கே இருக்கும் என்று எனக்குக் கவலை. அக்கா கட்டையின் முகப்பைக் காட்டினார். பச்சை பெயிண்ட், அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் காவி. அத்தனையையும் சுரண்டியதும் வரிசையாக ஆணி ஓட்டைகள் தெரிந்தன. ஒவ்வொரு விசேஷத்துக்கும் மாவிலைத் தோரணம் கட்ட அடித்தவை. "இத்த நான் மக்கு வச்சு அடைக்கப் போறதில்ல. உங்க வீட்டுல எத்தனை நல்லது நடந்துச்சுன்னு இதுலயே இருக்கு" என்றார். எனக்கு உடனே கண் கலங்கிவிட்டது. பிரசவத்துக்குப் பிறகு எனக்கு எதற்கும் கலங்கும். ஓரத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. "இது எந்த விசேஷம் அக்கா?" என்று கேட்டேன். "இது கொடிக்கம்பி மாட்டினது. துணி காயப் போட" என்றார்.

இவ்வளவும் சுமுகமாகத்தான் போனது. கட்டையை மரம் அறுக்கும் மில்லில் பலகையாக்கி வந்த அன்றுதான் எல்லாம் மாறியது. நான் போனபோது அவர் வாயில் ஒரு சுருள் இருந்தது. துப்பினார். இன்னொன்றைச் சீவி என்னிடம் நீட்டினார்.

"கடிச்சுப் பாருங்க."

தாய்ப்பால் கொடுக்கிறவள் இதையெல்லாம் கடிக்கலாமா என்று யோசித்தேன். பிறகு நுனிப்பல்லால் கடித்தேன். கசந்தது.

"தேக்கு கசக்குமா அக்கா?"

"தேக்கு ஏன் கசக்குது? இது வேப்பமரம்."

"இல்லக்கா. இது பர்மாலருந்து வந்தது."

"இதுவா? பர்மாவுக்கு என்னா, இது போளூருக்குக்கூடப் போயிருக்காது. உங்க ஊருல ஏதாவது கிணத்தங்கரையிலயே நின்னுருக்கும்."

கிணற்றங்கரை என்றதும் அங்கேயே, மரத்தூள்மேல், உட்கார்ந்துவிட்டேன். கிணற்றுப் பங்கு, ஆறு வருஷப் பேச்சின்மை, மாடியைப் பார்த்து மாமா சொல்லும் வசனம் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். கொட்டியது சரியா என்று பாதியில் சந்தேகம் வந்தும் நிறுத்தவில்லை. காதுகுத்துக்கு அந்தத் தம்பியை, எங்கள் சின்ன மாமாவையும், அழைத்திருந்தோம். பங்காளியை விட்டுவிட்டு விசேஷம் செய்ய முடியாது என்று அத்தை, அதாவது என் மாமியார், சொல்லிவிட்டார். மாமாவும் ஆட்சேபிக்கவில்லை. "வரட்டும். வந்து மணையைப் பாக்கட்டும்" என்றார். அவர் அழைத்ததே அதற்காகத்தான்.

"யாரு கேட்டாலும் தேக்குன்னு சொல்லிடுங்கக்கா. ஒரே ஒரு நாள்."

அக்கா பலகையைத் தடவினார். "வேம்பு நல்ல மரம் டீச்சர். செல்லு அரிக்காது. இதுல என்னா கேவலம்?"

"மரத்துல கேவலமில்ல அக்கா. மாமாவுக்குக் கேவலம்."

"நானா வாயத் தொறக்க மாட்டேன். ஆனா யாராவது நேருக்கு நேரா கேட்டா என்னால முடியாது. எனக்கு நாக்கு வராது."

அதற்கு மேல் இறங்கி வரவில்லை. அவரை அழைக்காமலே விட்டுவிடலாம் என்று பார்த்தால், மணை செய்தவருக்குப் புடவை வைத்துக் கொடுக்க வேண்டும் என்று மாமா பிடிவாதமாக இருந்தார். என் கணவரிடம் சொன்னேன். "நீ இதுல தலையிடாத" என்றார், தலையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தவளே நான்தான் என்பதை மறந்துவிட்டு.

விசேஷம் வீட்டிலேயே. காது குத்தும் பத்தர் தம் சின்னப் பெட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா நல்ல சிவப்புப் புடவையில், தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தார். கதவருகே ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கையில் காபியைக் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் காது மந்தமான ஒரு உறவுக்காரரை உட்காரவைத்தேன். அது என் சாமர்த்தியம். அந்தப் பக்கம் யார் போனாலும் குறுக்கே போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வேறு பக்கம் திருப்பினேன். இலையே போடாத நேரத்தில் அத்தனை பேரிடம் சாப்பிட்டீர்களா என்று கேட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

சின்ன மாமா வந்தார். மாமாவைப் பார்க்கவில்லை. மாமாவும் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் மணையை அவர் கண்ணில் படுகிற மாதிரி கூடத்து நடுவில் போடச் சொன்னார். எண்ணெய் தேய்த்து, செம்பழுப்பாக, ஆணி ஓட்டைகளோடு அது அழகாகத்தான் இருந்தது. மாமா குனிந்து ஒவ்வொரு ஓட்டையாகத் தொட்டு, "இது என் கல்யாணத்துக்கு அடிச்சது" என்று சுவருக்குச் சொன்னார். சின்ன மாமா கொடிக்கம்பி ஓட்டையைப் பார்த்தார்.

என் தம்பி மணையில் உட்கார்ந்தான். ஒன்றும் முறியவில்லை. மடியில் குழந்தையை வைத்தோம். பதினோரு மாதம், மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல், எதைப் பார்த்தாலும் வாய்க்குத்தான் போகும். பத்தர் ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் மடியிலிருந்து நழுவி, மணையின் விளிம்பைப் பிடித்து, நாலு பல்லாலும் கவ்விவிட்டாள்.

எனக்கு வேறு எதுவும் நினைவில் இல்லை. வார்னிஷ் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

"அக்கா" என்று கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து கேட்டேன். "வார்னிஷ் எதுவும் அடிக்கலையே? வாயில வச்சா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே?"

அக்கா காபி டம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அது பாவம் பார்க்கிற பார்வை.

"வெறும் தேங்காயெண்ணெதான் டீச்சர். மத்தபடி வேப்பமரம்தானே, நக்கினா வயித்துல பூச்சிதான் சாவும்."

காது மந்தமான உறவுக்காரருக்குக்கூடக் கேட்டது. "வேப்பமரமா?" என்று அவர் சத்தமாகவே கேட்டார். அத்தை கையில் குங்குமச் சிமிழோடு அப்படியே நின்றார். மாமா மணையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், உனக்குத் தெரிந்திருக்கிறது என்பதும் இருந்தது. நான் குழந்தையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சின்ன மாமா தொண்டையைச் செருமினார்.

"ஏண்ணே, ரங்கூன்ல வேப்பமரம் ஜாஸ்தியோ?"

ஆறு வருஷத்தில் அவர் அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். மாமாவின் காது மடல் சிவந்தது. பத்தர் ஊசியோடு காத்திருந்தார்.

"உன் வூட்டுப் பின்வாசல் மட்டும் இன்னா, தங்கமா?" என்றார் மாமா.

"எனக்கெதுக்கு அது? மாட்டைக் கட்டறேன். நான் ஊரெல்லாம் போய்ப் பர்மா பர்மான்னு சொன்னனா?"

"பின்வாசல்னு ஒண்ணு நிக்குதா?" என்று கேட்டது அக்கா. புடவையைக்கூட வாங்காமல் எழுந்துவிட்டார். "அதே காலத்து நிலையா? பெயிண்டு அடிச்சதா?"

"சாணிதான் அடிச்சிருக்கு."

"பாத்தா சொல்லிடுவேன்" என்றார் அக்கா.

மாமா என்னென்னமோ சொல்லி மறுப்பார் என்று நினைத்தேன். அவர் செருப்பைத் தேடினார். குழந்தைக்குக் காது குத்தி, அவள் அழுது ஓய்ந்து, நான் அவளைவிட அதிகமாக அழுது ஓய்வதற்குள், அண்ணன், தம்பி, நடுவில் சிவப்புப் புடவை என்று மூவரும் சின்ன மாமாவின் வேனில் முன்சீட்டில் ஏறிக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டார்கள். வந்தவர்களெல்லாம் சாப்பிட்டுவிட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு வராமல் யாருக்கும் போக மனசில்லை. நான் மட்டும், இதெல்லாம் என் வாயால் வந்தது, இனி இந்த வீட்டில் என்னை என்ன சொல்வார்கள் என்று உள்ளறையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்கு வேன் வந்தது. முதலில் இறங்கியது மாமா. முழங்கை வரை சாணி. முகத்தில், பேத்தி பிறந்த அன்று பார்த்த சிரிப்பு.

"தேக்கு" என்றார் அத்தையிடம். "பின்வாசல் நிலை நாலு கட்டையும் தேக்கு. தாத்தா கொண்டாந்தது நிஜம்."

"ரங்கூனா போளூரான்னு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா பின்னாலிருந்து. "தேக்கு. அது மட்டும் நிச்சயம்."

"அத்த கொண்டு போயி மாட்டுக்கு வச்சுட்டு, மனுஷன் நுழையற வாசலுக்கு வேம்பு போட்டாரு பாரு நம்ம தாத்தா" என்றார் சின்ன மாமா. அவர் குரலில் பழைய தெம்பு இல்லை. தன் வீட்டில் பர்மா தேக்கு இருக்கிறது என்று தெரிந்ததில் அவருக்கு என்ன கஷ்டம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அக்கா சாப்பிட்டுவிட்டுப் புடவையை வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனேன். "நான் கேட்டிருக்கக் கூடாது" என்றேன்.

"புள்ள வாயில வச்சா கேக்காம என்னா செய்வீங்க?" என்று ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டினார். அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான் என்று பிறகுதான் தெரிந்தது.

மாமா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடும்மா, மணை நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எண்ணெய்ப் புட்டியைத் தேடினார். சின்ன மாமாவின் கஷ்டம் இப்போதுதான் விளங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா காலையிலேயே எண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறிவிடுகிறார். அந்த நிலையில் மாட்டைக் கட்டக் கூடாது என்பது அவர் கட்சி. என் நிலை, என் மாடு என்பது தம்பியின் கட்சி. பகல் முழுக்கச் சத்தம் போட்டுவிட்டு, சின்ன மாமா வீட்டிலேயே சாப்பிட்டு, பையில் அந்தக் கிணற்றுப் பாய்ச்சலில் விளைந்த கத்தரிக்காயோடு, தொண்டை கட்டித் திரும்புவார்.

போன வாரம் நான்தான் வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று நின்று யோசித்து, கடைசியில் கேட்டேன்.

"சண்டை முடிஞ்சுதா மாமா?"

"பாதிதான் ஆச்சு" என்றார். "அதுக்குள்ள கடைசி பஸ்ஸு வந்துடுச்சு."